நான் அழித்த இருபத்திரண்டு பாடங்கள்

புதிதாகக் கணினி அறைப் பொறுப்பு எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு,

நான் பயந்த ஆள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் லேசாக விளங்கும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்தேனா என்று துறையடியில் நிற்கும்போது மறுபடி சந்தேகம் வரும். பாதையில், அதுதான் களப்பைக் கடக்கிற மிதவையில், ஏறி அரைவாசித் தூரம் போன பிறகு, சுவரில் பிளக்கைக் கழற்றினேனா என்று நினைப்பு வந்து, வீடு இருக்கிற எழுவான்கரையில் இறங்காமல் அதே பாதையில் திரும்பிப் போன நாட்களும் உண்டு. பாதைக்காரர் ஒன்றும் கேட்கமாட்டார், சிரிப்பார். என் வீட்டுக்காரர்தான் சொல்வார்: "உனக்குப் பயப்பட ஒண்டும் இல்லாட்டி, அதுக்கும் பயப்பிடுவாய்கா."

படித்தது எட்டாம் வகுப்பு வரை. பதவி கடைசிவரை சிற்றூழியர்தான். கூட்டுகிறதுக்கும் மணி அடிக்கிறதுக்கும் என்றுதான் ஆரையம்பதியிலிருந்து களப்புக்கு அக்கரையில், படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனேன். அங்கே கணினி அறை திறந்தபோது அதிபர் சாவியை என் கையில் தந்தார். "நீங்கதான் தங்கச்சி ஒண்டையும் துலைக்கமாட்டீங்க" என்றார். கணினியைப் பற்றி எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருடம் அந்த அறையை நான் பார்த்துக்கொண்ட மாதிரி என் பிள்ளைகளைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பொலித்தீன் உறை. செருப்பு வெளியே. கை கழுவிவிட்டு வா. கழுவினாயா, காட்டு. ஈரக் கையோடு வந்தாயா, துடைத்துவிட்டு வா. இப்படியே பாடவேளையில் பாதி போய்விடும். பிள்ளைகள் உள்ளே வருவதற்குள் மணி அடித்துவிடும். அந்த மணியையும் நான்தான் அடிக்க வேண்டும்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கணினிப் போதனாசிரியை ஒருவர் வருவார். நாங்கள் மிஸ் என்போம். என் மூத்த மகளைவிட ஒரு வயது இளமை. எனக்கு இந்தத் தொழில் சொல்லித் தந்தது அவர்தான். ஒருநாள் பொலித்தீனைத் தூக்கி ஒரு கீபோட்டைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அக்கா, இதில எந்த எழுத்து தேஞ்சிரிக்கெண்டு சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெருமையாகச் சொன்னேன்: "ஒண்டும் தேயல்ல மிஸ்."

"அதான் எனக்கும் கவலை" என்று திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதுக்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் பொலித்தீனை எல்லாம் சுருட்டிக் கட்டினேன். கை கழுவச் சொல்வதை மட்டும் விடவில்லை. அது வேண்டும்தானே.

சரி, வலயத்தார் எழுதச் சொன்ன விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஒரேயொரு ரீச்சர். எங்கள் கரையில் களுதாவளைப் பிள்ளை. காலையில் நானும் அவரும் ஒரே பாதையில்தான் வருவோம். ஒரு வருடம் அவருக்குத் தொண்டை கட்டியது. தடிமன் என்று மல்லித்தண்ணி குடித்தார். ஒரு மாதமாகியும் விடவில்லை. பிறகு மட்டக்களப்புக்குப் போய்க் காட்டினார். குரல் நாணில் சின்ன வளர்த்தி, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். வெட்டின பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. அதுக்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு வகுப்புக் குரல் கூடாது. மீறிக் கதைத்தால் இருக்கிற குரலும் நிரந்தரமாகப் போகலாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தரம் பதினொன்றுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. பதிலுக்கு ஒரு ஆசிரியரைக் கேட்டு அதிபர் வலயத்துக்கு ஏறி இறங்கினார். அனுப்ப ஆளில்லை. படுவான்கரைக்கு எப்போதும் கிடைக்கிற பதில்.

ரீச்சர் ஒருநாள் பாதையில் வைத்து என் காதுக்குள் சொன்னார், அப்போதே குரல் சருகு மாதிரி: "அக்கா, வெட்டுறதுக்கு முதல் மிச்சப் பாடத்தை எல்லாம் வீடியோவா எடுத்து வைப்பம். நான் இல்லாட்டியும் நீங்க பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டுவீங்கதானே?"

எடுத்தோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மூன்று கிழமை. அவர் ஸ்மார்ட் போட்டில் வரைந்து வரைந்து சொல்லுவார். நான் அவருடைய போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் கை நடுங்குகிறதென்று போனை மேசையில் செங்கல் வைத்து நிறுத்தினோம். பக்கத்து வளவு ஆடு ஒன்று சரியாக மூன்று மணிக்குக் கத்தும். மூன்று மணிக்கு முதல் ஒன்று, ஆடு அடங்கின பிறகு ஒன்று என்று எடுப்போம். ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவோம், போனில் இடம் இல்லை.

ஒரு பாடம் சொல்லி முடித்ததும் சுடுதண்ணி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நாளுக்கு நாள் அந்தக் குரல் குறைந்துகொண்டு போனது எனக்குத்தான் தெரியும். இருபத்திரண்டாவது பாடத்தில் கடைசி வசனம் காற்றாகத்தான் வந்தது. "போதும் அக்கா" என்று உதட்டால் காட்டினார். அடுத்த நாள் ஆசுபத்திரிக்குப் போய்விட்டார்.

அந்த இருபத்திரண்டும் என் பொறுப்பில். நான் விடுவேனா? கணினியில் ஒன்று, பென் ட்ரைவில் ஒன்று, பள்ளிக்கூடத்து ஹாட் டிஸ்கில் ஒன்று என்று மூன்று பிரதி எடுத்தேன். பென் ட்ரைவையும் ஹாட் டிஸ்கையும் பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்து, கோயில் நூலால் கட்டி, அலுமாரியில் பூட்டினேன். ஒவ்வொரு நாளும் திறந்து, இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இப்படி நான்கு பாடம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியாயிற்று. பிள்ளைகள் வாய் திறக்காமல் பார்த்தார்கள். எனக்கு நல்ல சந்தோசம்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டபிறகு, வேறொரு ஆசிரியர் தவணைப் பரீட்சைத் தாள் அச்சடிக்கப் பென் ட்ரைவ் தந்துவிட்டுப் போனார். குத்தினேன். அச்சடித்தேன். திரும்பிப் பார்த்தால், திரையில் இருந்த கோப்புறைகளுக்கெல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறி. ரீச்சருடைய பாடங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். கறுப்பாக ஒன்று மின்னி மறைந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

தம்பி தங்கச்சிமாரே, அந்த நேரம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

நான் தகரப் பெட்டியைத் திறந்தேன். மற்றப் பிரதி சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பென் ட்ரைவை அதே கணினியில் குத்தினேன். அதிலும் அம்புக்குறி வந்தது. ஹாட் டிஸ்கை எடுத்து அதையும் குத்தினேன். அதிலும் வந்தது. பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற அதே புத்தி. சுகமாக இருந்த இரண்டையும் நானே கொண்டுபோய் நோயாளிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

பாடங்களை வைரஸ் தின்றுவிட்டது, இனி அது மற்றப் பதினெட்டுக் கணினிக்கும் பரவப்போகிறது என்றுதான் எனக்கு ஓடியது. எப்போதோ ஒரு பயிற்சியில், வைரஸ் வந்தால் ஃபோமற் பண்ணு என்று கேட்ட ஞாபகம். மூன்றையும் ஃபோமற் பண்ணினேன். அதில் "குயிக்" என்ற இடத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அவசரமாகச் செய்தால் அரைகுறையாகத்தான் இருக்கும் என்று நினைத்து அந்தச் சரியையும் எடுத்துவிட்டேன். நின்று நிதானமாக, முழுசாக, மணிக்கணக்காகத் துடைத்தேன். அன்றைக்குக் கடைசிப் பாதையில்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையாகத்தான் எடுத்தேன்.

"மிஸ், வைரஸ் வந்திட்டு. பாடமெல்லாத்தையும் திண்டிட்டு. ஆனா நான் பரவவிடல்ல."

"தின்னாது அக்கா. அந்த வைரஸ் ஃபைலை ஒளிச்சுத்தான் வைக்கும். எல்லாம் உள்ளுக்கதான் இரிக்கும். நான் வந்து அஞ்சு நிமிசத்தில எடுத்துத் தாறன். ஒண்டையும் தொடாதீங்க."

நான் சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன்.

"அக்கா?"

"ஃபோமற் பண்ணிட்டன் மிஸ்."

"எதை?"

"எல்லாத்தையும்."

"குயிக்கா, முழுசாவா?"

"முழுசா."

மிஸ் போனை வைத்தார். அன்றைக்கே வந்தார். தனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தார். பின்னேரம் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வராது அக்கா" என்றார். பிறகு கேட்டார்: "ரீச்சருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உங்களுக்குத்தான் முதல்ல சொன்னன்."

"இது என்ட பாடமில்லையே அக்கா."

அதிபர் நல்ல மனுசன். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டார். "தங்கச்சி, புதன்கிழமை மின்னலடிச்சதுதானே. மின்னலில போயிட்டெண்டு சொல்லுவம். அந்தப் பிள்ளை வெட்டின புண்ணோட கிடக்கு. அவவுக்கு ஏன் இன்னும் வேதனை? உங்களுக்கும் ஏன்?"

நான் எட்டாம் வகுப்புக்காரி. என் வேலையில் பிழை வந்தால், "படிக்காததுட்ட சாவியைக் குடுத்தா இப்பிடித்தான்" என்று ஒருவராவது சொல்லுவார்கள் என்ற பயம் எனக்குப் பதினேழு வருடமாக இருந்தது. மின்னல் என்று சொன்னால் அந்தப் பயம் இல்லை. பாதையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். மின்னல் என்று சொன்னால் ரீச்சர் நம்புவார். நம்பிவிட்டு, எங்கேயாவது ஒரு பிரதி தப்பியிருக்கும் என்று தேடிக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்து அலுமாரியைத் திறக்கச் சொல்லுவார். ஒன்றும் இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தால்தான் அடுத்த வேலையை யோசிக்க முடியும். அதைத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

ஆரையம்பதிக்கு, வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸில் நேரே களுதாவளைக்குப் போனேன்.

வெட்டி ஒன்பதாம் நாள். ரீச்சர் விறாந்தையில் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு கொப்பியும் பேனையும், அதுதான் அப்போது அவருடைய வாய். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு எழுதிக் காட்டினார்: "ஆடு சுகமா?"

அதுக்குப் பிறகு சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

சொன்னேன். அம்புக்குறி, தகரப் பெட்டி, மூன்றையும் நானே குத்தினது, சரி அடையாளத்தை எடுத்தது, ஒன்றும் விடாமல். மிஸ் தொடாதே என்று சொல்வதற்கு முதலே தொட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். ரீச்சர் வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தேன். "கதையாதீங்க ரீச்சர். என்ன ஏசுறதெண்டாலும் எழுதி ஏசுங்க. கதைச்சிராதீங்க."

வாயை மூடிக்கொண்டார். கொப்பியில் எழுதினார்: "எல்லாமா?"

"எல்லாம்."

ஏதோ எழுதினார், வெட்டினார். மறுபடி எழுதி அதையும் வெட்டினார். வெட்டினதை நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தேன். அவருடைய வீட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே போய்விட்டார். தேத்தண்ணி ஆறின பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பினார்.

"திங்கள் வாறன். மல்ரிமீடியா புரொஜெக்டரும் கீபோட்டும் ரெடியா வைங்க."

வந்தார். இரண்டு கிழமை முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, வகுப்புக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் என் மேசையில் இருந்தார். நீண்ட வயர் போட்டுக் கீபோட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். முன்னால் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

"களப்பில நட்ட கம்பு ஏன் முறிஞ்ச மாதிரித் தெரியுது?"

பிள்ளைகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பாடமாக வாய் திறக்காமல் இருந்து பழகியவர்கள். கடைசி வாங்கில் கோகுலன் என்று ஒரு பெடியன், தகப்பன் களப்பில் தொழில். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து வாசலில் நிற்கிறவன். அவன்தான் வாயைத் திறந்தான்.

"கம்பு மட்டுமில்ல ரீச்சர், மீனும்தான். அப்பா மீன் குத்தக்குள்ள, தெரியிற இடத்தில குத்தமாட்டார். கொஞ்சம் கீழ குத்துவார்."

திரையில்: "ஏன்?"

"அங்கதான் மீன் நிக்கும்."

"ஏன்?"

"என்ன ரீச்சர், ஏன் ஏன் எண்டுறீங்க. அப்பாட்டத்தான் கேக்கணும்."

வகுப்பு சிரித்தது. முன் வாங்கில் டிலக்சி, படிக்கிற பிள்ளை, புத்தகத்தில் உள்ளதைச் சொன்னாள்: "வளியில இருந்து தண்ணிக்க போகக்குள்ள ஒளிக்கு வேகம் குறையும், அதால முறியும்."

"வேகம் குறைஞ்சா ஏன் முறியணும்?"

டிலக்சி புத்தகத்தைப் புரட்டினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அழிந்துபோன வீடியோவில் ரீச்சர் இந்த இடத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தார். இங்கே பாதிப் பாடவேளை போய்விட்டது. பதினெட்டுப் பாடம் இருக்கிறது. பயத்தில் இருக்க முடியாமல் வெளியே போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது, நடு வாங்கில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை, வாயே திறவாதது, எழுந்து நின்று கையால் காட்டிக்கொண்டிருந்தது.

"எங்கட வயல் வட்டைக்க உழவு மெசின் இறக்கக்குள்ள, சரிவா இறக்கினா, ஒரு சில்லுத்தான் முதல்ல சேத்துக்க போகும். அந்தச் சில்லு மெதுவாகும், மத்தச் சில்லு வேகமா வரும். அப்ப மெசின் கிறுகித் திரும்பும். அது மாதிரித்தானே ரீச்சர்?"

திரையில் ஒன்றும் வரவில்லை. எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ரீச்சர் கீபோட்டிலிருந்து கையை எடுத்து, சத்தம் வராமல் கை தட்டினார்.

"டேய், ரீச்சர் ஏனெண்டு கேக்கல்ல" என்றான் கோகுலன். "அப்ப இது சரிதான்."

இதைக் கேட்டுவிட்டு, நான் அழித்ததால் நல்லது நடந்தது என்று ஒருவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் போதவில்லை. இரண்டாம் கிழமையே ரீச்சர் முறையை மாற்றினார். விளக்கத்தை வீட்டில் இருந்து தட்டச்சு செய்து, படத்தோடு, பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவார். வகுப்பில் கேள்வி மட்டும். ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் போன் இல்லை, இருந்தாலும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். அவர்களுக்காக முதல் பாதையில் வந்து அறையைத் திறந்து வைப்பேன். கை கழுவினாயா என்று ஒரு தரம்தான் கேட்பேன். விளங்கின பிள்ளை ஒன்று ஸ்மார்ட் போட்டுக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் சொல்லும், செங்கல்லில் போன் வைத்து எடுப்போம். ஆடு கத்தினாலும் பரவாயில்லை என்றார் ரீச்சர்.

ஒரு தகப்பன் வந்து அதிபரோடு சண்டை பிடித்தார். "வாய் திறவாத ரீச்சர் எங்கயாச்சும் படிப்பிக்கிறதா? படம் பாக்கவா பிள்ளையை அனுப்புறம்?" அவருக்கு மின்னல் கதையும் சொல்லவில்லை, வேறு கதையும் சொல்லவில்லை. நான் போய், பிழை என்னுடையது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ என்ன படிச்ச?" என்றார். பதினேழு வருடமாகப் பயந்த கேள்வி. "எட்டு" என்றேன். "நான் அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு பாடம் முடியவே இல்லை. பரீட்சைக்கு முதல் நாளும் டிலக்சி என்னிடம் வந்து, "அன்ரி, ரீச்சர் வாயால சொன்னா இன்னும் கொஞ்சம் விளங்கியிருக்கும்" என்றாள். உண்மைதான். பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். சிலருக்கு நல்லாக வந்தது, சிலருக்கு வரவில்லை. கோகுலன் விஞ்ஞானத்தில் சித்தியடைந்தான். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பரீட்சை முடிந்து ஒரு காலை, பாதையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ரீச்சர் வாயைத் திறந்தார். டொக்டர் விட்டுவிட்டார். "அக்கா, நேத்துப் பூட்டினீங்களா?" என்று கேட்டார். பகிடிதான். நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது வேறு குரல். பழையதைவிடத் தடிப்பு, கொஞ்சம் அடியில் இருந்து வருகிற மாதிரி. நல்ல குரல்தான். ஆனால் வேறு.

நான் கவனித்ததை அவரும் கண்டுகொண்டார்.

"வீட்டில சின்னவள் சொல்றாள், இது அம்மாட குரலில்லையாம்."

"பழகீரும் ரீச்சர்."

"பழகீரும்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கோவமில்ல அக்கா. ஆனா அந்த இருபத்திரண்டும் இருந்திரிக்கலாம். அவளுக்குப் போட்டுக் காட்டியிருப்பன்."

நான் அழித்தது பாடம் மட்டுமில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுக்கு நான் என்ன சொல்ல? "ஓம் ரீச்சர்" என்றேன்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். பிரதி எத்தனை எடுத்தாலும், ஒன்றையாவது உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இன்னொரு ஆளிடம் கொடுங்கள், உங்களைவிடப் பயம் குறைந்த ஆளிடம். கணினி கெட்டால் மிஸ்மார் திருத்துவார்கள். பயந்த கை செய்ததைத் திருத்துவது கஷ்டம். திரையில் விளங்காத ஒன்று தெரிந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு போன் எடுங்கள். பிழை நடந்தால், அது யாருடைய பாடமோ அவரிடம் முதலில் போங்கள். பயந்துகொண்டென்றாலும் போங்கள். நானும் அப்படித்தான் போனேன்.

ரீச்சர் குரல் வந்த பிறகும் ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம் பின்னால் போய் இருப்பார், அதே கீபோட்டோடு. வருடக்கணக்காக அப்படித்தான்.

ஓய்வு பெறுகிற கிழமை, என் இடத்துக்கு வந்த தங்கச்சியிடம் பொருள்களை எண்ணி ஒப்படைத்தேன். நல்ல பிள்ளை, நல்ல கவனம். ஒவ்வொரு பெட்டியாக, வயராகப் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொண்டு வந்தாள். என் மேசையில் இருந்த கீபோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அன்ரி, இதில ஒரு எழுத்துப் போயிட்டு. ஒண்டுமே தெரியல்ல. பழுதெண்டு போடவா?"

"எது?"

இடத்தைப் பார்த்து, பக்கத்து கீபோட்டோடு ஒத்துப் பார்த்துச் சொன்னாள். "கேள்விக்குறி."

"அமத்திப் பாருங்க."

அமத்தினாள். திரையில் வந்தது.

"பாவனையில இரிக்கெண்டு போடுங்க" என்றேன்.